கடைசியாகக் கை வைத்தது ஆர்?

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ரகரமும் றகரமும் எனக்கு இன்றைக்கும் இடம் மாறி வரும். முப்பது வருடத்துக்கு மேலாக நான் எழுதியது எல்லாம் வேலை அட்டையில் 'பிளக் மாற்றியது', 'செயின் இறுக்கியது', அதற்குக் கீழே ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தருகிறேன் என்று மகள் சொன்னாள். வேண்டாம் என்றேன். அவள் முன்னால் இருந்து வாசித்தால் எழுத முடியாத ஒரு இடம் இதில் இருக்கிறது. அச்சில் வந்த பிறகு வாசிக்கட்டும்.

போன மாதம் எங்கள் வேலைத்தலத்து நலன்புரிச் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் எனக்குப் பின் சேர்ந்த மெக்கானிக்குகள். அலியார் வருகிற பங்குனியோடு ஓய்வு பெறுகிறானாம். அவனுக்குப் பிரியாவிடை மலர் ஒன்று போடுகிறார்களாம். அவனுடைய கைராசியைப் பற்றி நான் நாலு பக்கம் எழுதித் தர வேண்டுமாம்.

"உங்களவிட அவரைத் தெரிஞ்ச ஆக்கள் இல்லைத்தானே அண்ணை," என்றார்கள். தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

நான் போன வருடம் ஓய்வு பெற்றேன். எனக்கு ஒரு மாலை போட்டு ஒரு குடை தந்தார்கள். குடை நல்ல குடைதான், மாரிக்கு உதவியது. மலர் ஒன்றும் போடவில்லை. இதை இங்கே எழுதுவது அழகில்லை என்று தெரியும். ஆனால் நான் சொல்லப் போவது முழுக்க இந்த மாதிரி விஷயம்தான். அதனால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

'அலியார் அவர்கள்' என்று தொடங்கித்தான் பார்த்தேன். கை வரவில்லை. அவன் என்றே எழுதுகிறேன். அவன் கோபிக்க மாட்டான். அவன் கோபிக்காதது என்னை எவ்வளவு வருத்தியது என்பதையும் எழுதத்தான் போகிறேன்.

நாடு சுதந்திரம் அடைந்த அடுத்த வருடம் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முன் துறைமுகத்தில் வெள்ளைக்காரரின் படகுகளுக்குப் பித்தளை துலக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் வேலைத்தலம் ஓர்ஸ் ஹில் சரிவுக்குக் கீழே, உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு நீளமான தகரக் கொட்டகை. அரசாங்கத் திணைக்களங்களின் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் அங்கேதான் வரும். இரண்டு வருடம் மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன். பிறகு சில்லு பூட்டினேன். பிறகு எஞ்சின் திறக்க விட்டார்கள். பழகிய கதை அவ்வளவுதான். அலியார் என்னைவிட ஒரு வயது இளையவன். நான் சேர்ந்து ஆறு மாதத்தில் குறிஞ்சாக்கேணியிலிருந்து வந்து சேர்ந்தான். என் மேசையும் அவன் மேசையும் பக்கத்தில் பக்கத்தில்.

எங்களுக்கு மேலே டானியல் போர்மன். வெள்ளை அரைக்காற்சட்டை, இடது காதில் பென்சில், வலது கையில் ஒரு பித்தளை மோதிரம். சத்தம் போட்டு ஏசியதை நான் கண்டதில்லை. ஒரு சைக்கிள் வந்தால் முதலில் மோதிர விரலால் பெற்றோல் தாங்கியை இரண்டு தரம் தட்டுவார். எவ்வளவு பெற்றோல் இருக்கிறது என்று அந்தச் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு கொண்டுவந்த ஆளிடம் மூன்று கேள்வி கேட்பார்.

"கடைசியா எப்ப ஓடினது? ஓடினது ஆர்? அதுக்குப் பிறகு கை வச்சது ஆர்?"

என்ன பிழை என்று ஒருநாளும் கேட்க மாட்டார். என்ன பிழை என்று தெரிந்தால் அவன் ஏன் இங்கே கொண்டுவருகிறான் என்பார். மூன்றாவது கேள்விதான் அவருக்கு முக்கியம். தானாகப் பழுதாகும் சைக்கிளைவிடத் திருத்தப் போய்ப் பழுதாகும் சைக்கிள்தான் அதிகம் என்பது அவருடைய கணக்கு. வேலை அட்டையிலும் கடைசி வரியில் 'கடைசியாகக் கை வைத்தவர்' என்று ஒரு இடம் விட்டிருந்தார். வேலை முடித்தவன் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

அவர் எல்லாரையும் 'நீர்' போட்டுத்தான் கதைப்பார். வேலை சரியாக இருந்தால் எனக்கு "பரவாயில்லை" என்பார். அலியாருக்கு "கை" என்பார். ஒரு சொல்தான். "கை," என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்தச் சொல் எனக்கும் ஒருநாள் கிடைக்கும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

கைராசிக் கதை எப்படித் தொடங்கியது என்று மலரில் யாராவது பிழையாக எழுதிவிடுவார்கள். நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். ஐம்பதுகளின் நடுவில் நான் ஒரு எஞ்சினை முழுதாக இறக்கிப் பூட்டினேன். உதைக்கிறேன், உதைக்கிறேன், பிடிக்கவில்லை. இருபது தரமாவது உதைத்திருப்பேன். பெற்றோல் கூடி உள்ளே தேங்கிப் போயிருந்தது. போர்மன் வந்து, "அலியார், நீர் ஒருக்கா உதையும்," என்றார். அவன் ஒரு உதை. பிடித்துவிட்டது.

என்னுடைய இருபது உதையில்தான் உள்ளே தேங்கிய பெற்றோல் காய்ந்தது. இருபத்தோராவது உதையை ஒரு ஆடு உதைத்திருந்தாலும் பிடித்திருக்கும். இதை நான் அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. கொட்டகையில் எல்லாரும் சிரித்தார்கள். வெல்டிங் செய்கிற பிலிப்பு, "பாக்கியநாதனுக்குப் பேரில மட்டும்தான் பாக்கியம். ராசி எல்லாம் சோனகன்ட காலில," என்றான். அலியாரும் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வேலைத்தலத்தில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. எஞ்சின் இறக்கிப் பூட்டிய எந்தச் சைக்கிளுக்கும் முதல் உதை அலியாருடையது. உதைப்பதும் சும்மா இல்லை. சைக்கிளின் சொந்தக்காரர் வந்து நிற்க வேண்டும். சைவக்காரர் என்றால் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைப்பார்கள். அலியார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வருவான். வாய்க்குள் பிஸ்மில்லா சொல்வான். ஒரு உதை. பிடிக்கும். சொந்தக்காரர் அவன் கையைப் பிடித்துக் குலுக்குவார். எண்ணெய்க் கையோடு நான் மூலையில் நின்று பார்ப்பேன்.

பூட்டியது நான். பெயர் அவனுக்கு. பதினெட்டு வருடம் இப்படிப் போனது. அவன் காலையில் வேளைக்கே வருவதுகூட எனக்குப் பொறுக்காது. குறிஞ்சாக்கேணியிலிருந்து பாதை ஏறி நீர் கடந்து, பிறகு பஸ் பிடித்து வர வேண்டும். எங்கள் பக்கத்தில் பாதை என்பது ஆட்களையும் சைக்கிள்களையும் அக்கரை சேர்க்கிற மிதவை. முதல் பாதையைப் பிடித்தால் மணி அடிக்க ஒரு மணி நேரத்துக்கு முன்பே வந்துவிடுவான். இரண்டாவதைப் பிடித்தால் மணி அடித்த பிறகுதான் வரலாம். அவன் எப்போதும் முதல் பாதைதான். போர்மனிடம் நல்ல பெயர் எடுக்கத்தான் வருகிறான் என்று நான் வீட்டில் சொல்வேன். மனைவி, "அவர் வேளைக்கு வந்தால் உங்களுக்கு என்ன நோகுது?" என்று கேட்பாள்.

இனித்தான் அந்தச் சைக்கிளுக்கு வருகிறேன்.

கடை வாசலில் பாணுக்கு வரிசையில் நின்ற எழுபதுகளின் தொடக்கம். உதிரிச் சாமான் ஒன்றும் நாட்டுக்குள் வராத காலம். கந்தளாய்க்கு அப்பால் ஒரு சின்ன மருந்துசாலையில் இருந்த அப்போதிக்கரி ஒருவருக்குத் திணைக்களம் ஒரு மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்தது. யுத்தக் காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஓடிய சைக்கிள், அவர்கள் விட்டுப் போனது. ஒற்றைச் சிலிண்டர், நல்ல பாரம். பச்சைப் பெயின்றுக்கு மேல் கறுப்பு அடித்திருந்தார்கள். கிராமங்களுக்குள் நோயாளர் பார்க்கப் போக அவருக்கு வேறு வாகனம் இல்லை. அது ஒரு மாதமாக ஸ்டார்ட் ஆகாமல், லொறியில் ஏற்றி எங்களிடம் வந்து சேர்ந்தது.

போர்மன் தாங்கியைத் தட்டினார். கேள்விகளைக் கேட்டார். அப்போதிக்கரி மெலிந்த, பொறுமையான மனிதர். மூன்றாவது கேள்விக்கு அவர் விரல் மடித்துச் சொன்னார். முதலில் கந்தளாயில் ஒருவர், பிறகு ட்ரக்டர் திருத்துபவர் ஒருவர், கடைசியாகத் துறைமுகத்துப் படகு எஞ்சின்கள் பார்க்கிற ஒருவர்.

"மூண்டு பேரோ?" என்றார் போர்மன். "அப்ப மூண்டு பிழை இருக்கும். பாக்கியநாதன், நீர் பாரும்."

மூன்று நாள் பார்த்தேன். இளைய மெக்கானிக்குகளுக்காக நான் செய்த ஒழுங்கை எழுதுகிறேன். ஸ்டார்ட் ஆகாத எஞ்சினுக்கு மூன்று சாமான் வேண்டும். பெற்றோல், அமுக்கம், நெருப்பு. பெற்றோல் குழாயைக் கழற்றிப் போத்தலுக்குள் விட்டேன். நூல் அறாமல் ஓடியது. காபரேற்றரைக் கழற்றிக் கழுவினேன். அமுக்கம் பார்க்க உதைகட்டையில் ஏறி நின்றேன். என் பாரத்தைத் தாங்கிக்கொண்டு நின்று மெதுவாக இறங்கியது. நல்ல அமுக்கம். பிளக்கைக் கழற்றி எஞ்சின் தலையில் வைத்து உதைத்தேன். நீல நெருப்பு, சடக்கென்று விழுந்தது. மூன்றும் இருக்கிறது, ஆனால் பிடிக்காது.

இரண்டாம் நாள் முழுவதும் உதைத்து உதைத்துக் கேட்டேன். ஒருமுறை காபரேற்றர் வழியாகத் தும்மியது. அப்படி என்றால் நெருப்பு நேரம் தப்பி விழுகிறது. நெருப்பு விழும் நேரத்தைச் சரி செய்து வைத்தேன். பத்து உதைக்குப் பிறகு புகைக்குழாய்க்குள் வெடித்தது. திரும்பவும் நேரம் தப்பிவிட்டது, ஆனால் இந்தத் தரம் மற்றப் பக்கம். அன்று இரவு சாப்பிடும்போதுதான் எனக்கு அது பட்டது. நேரம் பிழையாக இருந்தால் ஒரே மாதிரித்தான் பிழையாக இருக்க வேண்டும். இது நகர்கிறது.

மூன்றாம் நாள் காலை மக்னீட்டோவின் மூடியைத் திறந்தேன். நெருப்பை உண்டாக்குகிற சாமானுக்குத்தான் மக்னீட்டோ என்று பெயர். அதைச் சுற்ற ஒரு செயின் உண்டு, செயினுக்கு ஒரு பல்லுச்சில்லு. சில்லின் முகத்திலும் தண்டின் முனையிலும் சேர்த்து வெண்கட்டியால் ஒரு கோடு இழுத்தேன். பத்துத் தரம் உதைத்தேன். குனிந்து பார்த்தால் கோடு இரண்டாக உடைந்து விலகி நிற்கிறது. சில்லு தண்டில் வழுக்குகிறது.

கழற்றினேன். உள்ளே மஞ்சளாகக் கிரீஸ். அந்தத் தண்டு ஒரு பக்கம் ஒடுங்கி வரும். சில்லு அதில் வெறும் இறுக்கத்தில்தான் நிற்க வேண்டும், பிடித்து வைக்க ஆப்பு ஒன்றும் இல்லை. காய்ந்த இரும்பில் காய்ந்த இரும்பு. ஆனால் கடைசியாகக் கை வைத்தவர் துறைமுகத்து ஆள். இந்தக் கரையில் வேலை செய்கிற எங்களுக்கு எதைக் கழற்றினாலும் கிரீஸ் பூசாமல் திரும்பப் பூட்ட மனம் வராது. உப்புக் காற்று இரண்டு கிழமையில் இரும்பைத் தின்றுவிடும் என்ற பயம். அந்த மனிதர் நல்ல மனதோடுதான் பூசியிருக்கிறார். அந்த நல்ல மனதால்தான் ஒரு மாதம் சைக்கிள் ஓடவில்லை.

இதை நான் கண்டுபிடித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. என் வேலைக் காலம் முழுவதிலும் நான் செய்த நல்ல வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பெற்றோலில் கழுவி, மெல்லிய அரைப்புப் பசை வைத்துத் தண்டையும் சில்லையும் ஒன்றோடொன்று அரைத்து, துடைத்து, காய வைத்தேன். பிறகு நெருப்பு நேரம் வைக்கிற வேலை. பிளக் ஓட்டைக்குள் மிதிசைக்கிள் சில்லுக் கம்பி ஒன்றை விட்டுப் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பின்சில்லை மெல்ல உருட்டிப் பிஸ்டனை உரிய உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். மக்னீட்டோவுக்குள் பொயின்ற் என்று இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள் முகத்தோடு முகம் பொருந்தி நிற்கும். அவை விலகுகிற கணத்தில்தான் நெருப்பு விழும். அந்தக் கணம் கண்ணுக்குத் தெரியாது. அதற்காக அவற்றின் நடுவில் சிகரெட் சுற்றுகிற மெல்லிய தாளை வைத்து இலேசாக இழுத்துக்கொண்டே தண்டைத் திருப்புவோம். தாள் எப்போது விட்டுக்கொடுத்து வழுவி வருகிறதோ அதுதான் கணம். அந்த இடத்தில் சில்லை இறுக்க வேண்டும்.

நான் சிகரெட் குடிப்பதில்லை. போர்மனிடம் ஒரு தாள் வாங்கி, ஒரு விரல் நீளத்துக்குக் கத்தரித்து, முனையைக் கூராக வெட்டி வைத்திருப்பேன். அப்படிக் கூராக வெட்டுவது எங்கள் கொட்டகையில் என் பழக்கம் மட்டும்தான்.

நாலு மணி அடிக்கக் கால் மணி இருந்தது. போர்மன் வந்தார். உடைந்த வெண்கட்டிக் கோட்டின் கதையைச் சொன்னேன். வார்த்தை திக்கித் திக்கித்தான் வந்தது, ஆனால் முழுவதும் சொன்னேன். அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்பவும் காதில் வைத்தார். 'கை' என்ற சொல் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"பரவாயில்லை," என்றார். "கடைசியாக் கை வச்சது ஆர்?"

"நான்தான் ஐயா."

"அப்ப சைன் வையும். காலமை அப்போதிக்கரி வருவார். அலியார் உதைக்கட்டும்."

அட்டையில் கையெழுத்துப் போட்டேன். அவர் போய்விட்டார். அலியாரும் பாதை பிடிக்க மணிக்கு முன்பே புறப்பட்டுவிட்டான். போகும்போது என் தோளில் தட்டி, "நல்ல வேலை மச்சான்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

பொயின்ற் மூடியை நான் இன்னும் பூட்டவில்லை. கையில் அந்தத் தாள் இருந்தது.

நான் என்ன நினைத்தேன் என்று மறைக்காமல் எழுதுகிறேன். ஒருநாள், ஒரே ஒருநாள், அவன் உதைத்துப் பிடிக்காமல் போக வேண்டும். எல்லாரும் பார்க்க அவன் பத்துத் தரம் உதைக்க வேண்டும். அப்போது நான் முன்னுக்கு வந்து, "ஐயா, நான் ஒருக்காப் பாக்கிறன்," என்று சொல்லி, மூடியைத் திறந்து தாளை உள்ளங்கைக்குள் எடுத்துவிட்டு, நானே உதைத்து ஸ்டார்ட் பண்ண வேண்டும். பொயின்றுக்கு நடுவில் தாள் இருந்தால் அவை ஒன்றையொன்று தொடாது. தொடாவிட்டால் நெருப்பு இல்லை. அதைவிடச் சுத்தமான வழி கிடையாது. ஒன்றும் உடையாது.

விரல் நீளத் தாளை அப்படியே விட்டால் வெளியே தெரியும். கத்தரிக்கோலை எடுத்துக் கூர் முனையை மட்டும் ஒரு நெல் அளவுக்கு வெட்டினேன். அதைப் பொயின்றுக்கு நடுவில் செருகினேன். மூடியைப் பூட்டினேன். கையைக் கழுவினேன். மணி அடித்தது.

காலையில் அப்போதிக்கரி மருந்துப் பெட்டியோடு வந்து நின்றார். அன்றைக்கே இரண்டு கிராமத்துக்குப் போக வேண்டும் என்றார். அதைக் கேட்டும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. காற்சட்டைப் பைக்குள் ஸ்குரூ டிரைவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்ல வேண்டிய வசனத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பிலிப்புகூட வெல்டிங்கை நிறுத்திவிட்டு வந்தான்.

அலியார் சாரத்தை மடித்துக் கட்டினான். பெற்றோலைத் திறந்தான். நெருப்பு நேரத்தை முன்பின் ஆக்கும் நெம்பைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தான். உதைகட்டையைக் காலால் மெல்ல அமர்த்தி, பிஸ்டனை மேலே தாண்ட விட்டு, கட்டையைத் திரும்ப மேலே வர விட்டான். பிஸ்மில்லா. ஒரு உதை.

பிடித்துவிட்டது.

ஒரு மாதம் செத்துக் கிடந்த சைக்கிள் கொட்டகைத் தகரம் அதிர நின்று துடித்தது. அப்போதிக்கரி அலியாரின் கையை இரண்டு கையாலும் பிடித்தார். போர்மன் "கை," என்றார். நான் பைக்குள் ஸ்குரூ டிரைவரோடு நிற்கிறேன். அது நடக்க முடியாத காரியம். தாள் இருந்தால் நெருப்பு விழாது. ராசி உள்ள கால் உதைத்தாலும் விழாது. ஒரு நிமிடம் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

பத்து மணித் தேத்தண்ணிக்கு நான் தனியே சுவரோரம் குந்தியிருந்தேன். அலியார் வந்து பக்கத்தில் இருந்தான். என் கையை எடுத்து உள்ளங்கையில் ஒன்றை வைத்தான். நெல் அளவு தாள். ஒரு முனை கூர். மறு முனை கத்தரிக்கோலால் நேராக வெட்டியது.

"உன்ட தாள் மச்சான்," என்றான். "உள்ளுக்க மறந்துபோய் விட்டுட்டாய்."

"ஓம்," என்றேன்.

"வேற ஆரும் காணல்ல."

தேத்தண்ணியைக் குடித்து முடித்து எழுந்து போனான். மறந்து விட்ட தாள் கிழிந்து இருக்கும். கத்தரிக்கோலால் வெட்டி இருக்காது. அது அவனுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அவன் போர்மனிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருப்பேன். மகளுக்கு அப்போது ஏழு வயது.

அடுத்த கிழமை நான் இன்னொரு எஞ்சின் பூட்டி முடித்தேன். தாளை அவன் எப்போது கண்டான் என்று அறிய மறுநாள் விடியவே புறப்பட்டுப் போனேன். காவற்காரன் திறந்துவிட்டிருந்தான். அலியார் நான் பூட்டிய சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் குந்தியிருந்தான். பிளக்கைக் கழற்றி முகர்ந்து பார்த்தான். பொயின்ற் மூடியைத் திறந்து ஒரு தாளை விட்டு இழுத்துப் பார்த்தான். காபரேற்றரின் சின்னப் பொத்தானை அமர்த்திப் பெற்றோல் ஏறுகிறதா என்று விரலை வைத்தான். ஒவ்வொரு நட்டிலும் ஸ்பானரை வைத்து, இறுக்காமல், தொட்டு மட்டும் பார்த்தான். நான் பூட்டிய ஒழுங்கிலேயே, ஒன்றையும் விடாமல். பார்த்து முடித்ததும் துணியால் தன் விரல் அடையாளத்தைத் துடைத்தான்.

என்னைக் கண்டான். ஒளிக்கவில்லை.

"எவ்வளவு காலமா?" என்று கேட்டேன்.

"தொடக்கத்திலிருந்துதான். முதல் பாதையில வந்தால் வேற என்ன செய்யிற? டீக்கடையும் திறக்கிறல்ல."

"எனக்கு ஏன் சொல்லேல்ல?"

"சொன்னால் நீ கோவிப்பாய். இவன் ஆர் என்ட வேலையைப் பாக்கிறதுக்கு எண்டு நினைப்பாய்."

அது உண்மைதான். என் வேலையில் எத்தனை பிழை கண்டாய் என்று கேட்டேன். எண்ணவில்லை என்றான். ஒன்றா, இரண்டா என்றேன். "அப்பிடித்தான் வச்சுக்கொள்ளன்," என்றான். ஒரு எண்ணிக்கையைக்கூட எனக்குத் தரவில்லை. அவன் தொட்டுப் பார்த்த நட்டுகளில் எத்தனை இளகியிருந்தன என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பிறகு அவன் சொன்னதுதான் என்னை அடித்துப்போட்டது. "இந்தக் கைராசிக் கதையால எனக்கு நித்திரை இல்ல மச்சான். நாளைக்கு உதை இருக்கு எண்டால் சோறு இறங்காது. ஒருநாள் பிடிக்காட்டி இவங்கள் என்னை வச்சுச் சிரிப்பாங்கள். உனக்கு என்ன, பூட்டிப்போட்டு மூலையில நிப்பாய். உன்னைப் பாத்து எனக்கு எத்தினை நாள் எரிஞ்சிருக்கு தெரியுமா?"

பதினெட்டு வருடம் நான் ஒருவன்தான் பொறாமைப்பட்டேன் என்று நினைத்திருந்தேன். அதிலும் அவன் பங்குக்கு வந்துவிட்டான்.

"நீ கேட்டிருந்தால் உதையைத் தந்திருப்பன்," என்றும் சொன்னான். கேட்கத் தெரிந்தவன் என்றால் நான் ஏன் கத்தரிக்கோல் எடுக்கிறேன்?

அடுத்த மாதம் ஒருநாள் அவன் முழங்கால் நோகுது என்று போர்மனிடம் சொன்னான். பொய். அன்றைக்கு உதை எனக்குக் கிடைத்தது. அவசரத்தில் பெற்றோலைத் திறக்க மறந்துவிட்டேன். நாலு உதை வீணாகப் போனது. ஐந்தாவது உதைக்கு முன் அலியார் நொண்டிக்கொண்டு பக்கத்தில் வந்து, பார்க்காதவன் போல் விரலால் திறந்துவிட்டான். பிடித்தது. பிலிப்பு, "பேரில மட்டும்தான்," என்றான். அதற்குப் பிறகு நான் உதை கேட்கவும் இல்லை, ஆசைப்படவும் இல்லை என்று எழுதினால் அது பொய். ஆசைப்பட்டேன். ஒவ்வொரு தரமும் ஆசைப்பட்டேன்.

அதற்குப் பிறகும் நாங்கள் எட்டு ஒன்பது வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை செய்தோம். டானியல் போர்மன் ஓய்வு பெற்றார், புது ஆள் வந்தார், கைராசிக் கதை மட்டும் அப்படியே நின்றது. தாளைப் பற்றி அலியார் ஒரு சொல்லும் பேசவில்லை. கோபித்திருந்தால் நானும் கோபித்து ஒரு முடிவுக்கு வந்திருப்பேன். அவனுடைய உதையில் எனக்கு இருந்த பொறாமை அன்றோடு குறைந்தது. அவன் வாய் மூடிக்கொண்டிருந்த விதத்தில் புதிதாக ஒரு பொறாமை தொடங்கியது. அந்த மாதிரி இருக்க எனக்கு வராது என்று எனக்குத் தெரியும். இதை எழுதுவதே அதற்குச் சாட்சி.

சங்கத்து ஆட்களுக்கு ஒன்று சொல்கிறேன். கைராசி என்று மலரில் போடாதீர்கள். அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லித்தான் அவன் விடியற்காலையில் செய்த வேலை முழுவதையும் நாங்கள் இல்லாமல் பண்ணினோம். இதைப் போட்டால் அவனுக்கு இன்னும் புகழ் கூடும் என்பது எனக்கு விளங்குகிறது. அது எனக்குக் கொஞ்சம் நோகத்தான் செய்கிறது. இருந்தாலும் போடுங்கள். போட ஏலாது என்றால் இந்தத் தாள்களை அவனிடமே கொடுத்துவிடுங்கள். இந்தத் தரம் நான் ஒன்றும் வெட்டவில்லை.

அந்த அப்போதிக்கரி ஐயாவின் சைக்கிளுக்கு எழுதிய அட்டை இன்றைக்கும் அலுமாரியில் கட்டோடு இருக்கும். அதில் 'கடைசியாகக் கை வைத்தவர்' என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. அது பிழை. அந்த அட்டையிலும் அதற்கு முன்னும் பின்னும் நான் கையெழுத்துப் போட்ட எல்லா அட்டையிலும் அந்த இடத்தில் இருக்க வேண்டிய பெயர் அலியார்.

பாக்கியநாதன்
திருகோணமலை
21 மாசி 1982, ஞாயிற்றுக்கிழமை